ஈரடிப்பு இயந்திரத்தின் ஆயுள்

யாழ்ப்பாணத்தவர் பழைய பொருளைப் போற்றுவதிற் பேர்பெற்றவர். அரை நூற்றாண்டு கடந்த மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் இன்றும் எம் தெருக்களில் ஓடக் காண்கின்றோம். தந்தையின் துவிச்சக்கர வண்டி மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் வழிவழி வருதல் இங்கே புதுமையன்று. ஆயினும் நீடித்து உழைத்தல் என்னும் இப்பண்பு எல்லா இயந்திரங்களுக்கும் ஒருபடித்தாய் அமைந்ததன்று. ஓரின இயந்திரம் உண்டு. பேணுவோன் கையில் அது இருபது ஆண்டும் உழைக்கும். அதே தொழிற்சாலையில் அதே நாளிற் பிறந்த அதன் உடன்பிறப்புப் பேணாதான் கையில் ஒரு மாரிக்குள் மடியும். அதுவே ஈரடிப்பு இயந்திரம்.

எமது கரையோரங்களிற் கண்ணாடியிழைப் படகுகளைச் செலுத்தும் வெளியிணைப்பு இயந்திரங்களுட் பல இவ்வினத்தன. ஒருகாலத்தில் எம் ஒழுங்கைகளில் நீலப்புகை கக்கி விரைந்த மோட்டார்ச் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் இவ்வினத்தனவே. மேனாடுகளில் மணற்குன்றுகள்மீது விளையாட்டாய் ஓட்டப்படும் நாற்சில்லு ஊர்திகளுள்ளும் வேகத்தாற் புகழ்பெற்றவை இவ்வினத்தைச் சேர்ந்தன. இவற்றுட் பெரும்பாலானவை இன்று பழையனவாகவே கைமாறுகின்றன. விளையாட்டு ஊர்தியை வாங்கி ஏமாறியவனுக்குப் பணம் மட்டுமே நட்டமாகும். கடன்பட்டுப் பழைய படகு இயந்திரம் வாங்கிய கடற்றொழிலாளி ஏமாறின் தொழிலும் உயிரும் ஒருங்கே தளும்பும். ஆதலின் இவ்வியந்திரத்தின் இயல்பு யாது, பழையதை வாங்குவோர் எவற்றை நோக்கவேண்டும், வாங்கியபின் எங்ஙனம் பேணவேண்டும் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

அமைப்பும் இயல்பும்

நாலடிப்பு இயந்திரத்தில் உறிஞ்சல், அமுக்கல், வெடித்தல், வெளியேற்றல் என்னும் நான்கு தொழில்களும் பிஸ்ரனின் நான்கு அசைவுகளில் நிகழும். எனவே கிராங்குத் தண்டு இருமுறை சுழன்றால் ஒருமுறையே வலு பிறக்கும். ஈரடிப்பு இயந்திரமோ இந்நான்கினையும் இரண்டு அசைவுகளுள் அடக்கிவிடுகின்றது. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வெடிப்பு உண்டு. 1881ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தினரான டுகால்ட் கிளாக்கு இத்தகையதோர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் இங்கிலாந்தின் பாத் நகரினரான ஜோசப் டே என்பவர் 1891ஆம் ஆண்டளவில் அதனை மேலும் எளிமையாக்கினார். பிஸ்ரனுக்குக் கீழேயுள்ள கிராங்குப் பெட்டியையே காற்றையும் எரிபொருளையும் உறிஞ்சித் தள்ளும் பம்பியாக அவர் பயன்படுத்தினார். தனியான வால்வுகள் வேண்டாவாயின. உருளைச் சுவரில் வெட்டிய துளைவாய்களைப் பிஸ்ரனே ஏறியிறங்கித் திறந்து மூடியது.

இவ்வெளிமையிலேயே இவ்வியந்திரத்தின் நலமும் குறையும் ஒருங்கு பொதிந்துள்ளன. நாலடிப்பு இயந்திரத்தின் கீழ்ப்பெட்டியில் மசகெண்ணெய் தேங்கி நிற்கும். உரிமையாளன் சிலநாள் மறந்தாலும் அது தன் தொழிலைச் செய்யும். ஈரடிப்பு இயந்திரத்தின் கீழ்ப்பெட்டி எரிபொருள் செல்லும் வழியாதலால் அங்கே எண்ணெயைத் தேக்கிவைத்தல் இயலாது. எரிபொருளோடு கலந்து உள்ளே புகும் எண்ணெயே தாங்கிகளையும் பிஸ்ரனையும் நனைத்து, பின்னர் எரிந்து புகையாய் வெளியேறும். அஃதாவது, அன்றன்று ஊற்றிய எண்ணெயே அன்றன்றைய உயிர். நேற்றைய கவனம் இன்றைக்கு உதவாது. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் பின்னர்க் கூறப்படுவன யாவும் தாமே விளங்கும்.

வேகமும் ஆயுளும்

சுழற்சிக்கொரு வெடிப்பு நிகழ்வதால் ஒரேயளவான நாலடிப்பு இயந்திரத்தைப்போல் இருமடங்கு வலு கிடைக்கவேண்டுமெனக் கணக்குக் கூறும். நடைமுறையில் அவ்வளவு கிடைப்பதில்லை. புதிதாய்ப் புகும் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகைவாயால் நழுவிவிடுகின்றது. இவ்விழப்பைக் குறைக்கவே அறிஞர் பலர் முயன்றனர். 1920களில் யேர்மனியரான சினூர்ல என்பார் கலவை உருளைக்குள் வளைந்து சுழன்று செல்லுமாறு துளைவாய்களை அமைத்தார். 1950களிற் கிழக்கு யேர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்ரர் காடன் என்பார் புகைக்குழாயைக் கூம்புபோல் விரித்துச் சுருக்கி, நழுவிய கலவையை ஒலியலைகளே மீண்டும் உருளைக்குள் தள்ளுமாறு செய்தார். அவருடைய பந்தய வீரரான ஏர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்குக்குத் தப்பியோடிச் சுசுக்கி நிறுவனத்திற் சேர்ந்து, 1962இல் அந்நிறுவனத்துக்கு 50 கனசென்ரிமீற்றர் வகுப்பில் உலக வெற்றியை ஈட்டிக்கொடுத்தார். யப்பானிய ஈரடிப்பு இயந்திரங்கள் பின்னர் உலகை ஆண்டமைக்கு இவ்வறிவு பெருந்துணையாயிற்று.

ஆனால் வலுவுக்கு விலை உண்டு. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை உற்பத்தியான யமகா ஆர்.எக்ஸ். 100 என்னும் மோட்டார்ச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். அதன் உருளையின் கொள்ளளவு 98 கனசென்ரிமீற்றரே. வலுவோ நிமிடத்துக்கு 7500 சுழற்சியில் 11 குதிரைவலு. அதன் பிஸ்ரன் ஓரசைவில் 50 மில்லிமீற்றர் செல்லும். செக்கனுக்கு 125 சுழற்சி, சுழற்சிக்கு இரண்டு அசைவு எனப் பெருக்கின், பிஸ்ரனின் சராசரி வேகம் செக்கனுக்கு 12.5 மீற்றர் ஆகின்றது. சுவருக்கும் பிஸ்ரனுக்கும் இடையே, மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலமொன்றே அவ்வேகத்தில் காவலாய் நிற்கின்றது.

நாற்சில்லு ஊர்திகளின் வரலாறும் இதனையே கூறும். 1987இல் யமகா நிறுவனம் வெளியிட்ட 'பான்சி' என்னும் ஊர்தி 347 கனசென்ரிமீற்றர் கொண்ட இரட்டை உருளை ஈரடிப்பு இயந்திரம் பூண்டது. அமெரிக்காவில் 2006 வரை விற்பனையாயிற்று. அதே 1987இல் வந்த சுசுக்கியின் 500 கனசென்ரிமீற்றர் ஊர்தி 1990க்குப்பின் நின்றுபோயிற்று. இவற்றைப் பழையனவாய் வாங்குவோர், பிஸ்ரனையும் றிங்குகளையும் காலந்தோறும் மாற்றப்படும் உறுப்புகளாகவே கருதவேண்டும். துவிச்சக்கர வண்டிக்கு இறப்பர் மாற்றுவதுபோல் அஃதொரு வழமையான செலவு. பழைய 'லிஸ்ரர்' டீசல் இயந்திரத்தோடு இவற்றை ஒப்பிடுதல் தகாது. ஆறு குதிரைவலுவுடைய அது முந்நூறு கிலோவுக்கு மேல் நிறையுடையது. நிமிடத்துக்கு 650 சுழற்சியே செல்வது. பதினைந்து குதிரைவலுவுடைய ஈரடிப்புப் படகு இயந்திரமோ நாற்பது கிலோவுக்கு உட்பட்டது. ஒருவன் தோளிற் சுமந்து கரையேற்றலாம். நிறையிற் குறைத்ததை ஆயுளிற் கொடுக்கின்றோம்.

எமது கடலில்

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. காற்றை நம்பிக் கடலோடிய அம்மரபினர் 1950களின் பிற்பகுதி தொடக்கம் படிப்படியாய் இயந்திரத்துக்கு மாறினர். நோர்வே நாட்டு உதவியோடு உருவான சீநோர் நிறுவனம் காரைநகரிற் படகு கட்டும் தளத்தையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் நடத்தியது. கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் மயிலிட்டி, பருத்தித்துறை, நாவாந்துறை, பாஷையூர், ஊர்காவற்றுறை முதலிய துறைகளெங்கும் பரவின. போர்க்காலத்திற் கடல்வலயத் தடைகளும் இயந்திர வலுவுக்கு விதிக்கப்பட்ட வரம்புகளும் தொழிலை முடக்கின. நெடுங்காலம் மூடப்பட்டிருந்த மயிலிட்டித் துறைமுகம் 2017ஆம் ஆண்டிலேயே மக்களிடம் மீண்டது. திரும்பி வந்தோருட் பலர் வெறுங்கையோடு தொழில் தொடங்கவேண்டியவராயினர். வெறுங்கையோடு தொடங்குவோன் பழைய இயந்திரத்தையே நாடுவான்.

பாய்மரம் முறிந்தால் ஓலைப்பாய் கட்டியேனும் கரை சேரலாம். பாக்கு நீரிணையில் இயந்திரம் நின்றுவிட்டால் படகு நீரோட்டத்தின் வழியே செல்லும். 1974இல் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடலெல்லை அலைமேல் எழுதப்பட்டதன்று. தன்னையறியாமல் அதனைக் கடந்தவன் மீன்களோடன்றி வழக்கோடு மீளநேரும். ஒரு பிளக்கின் கரியும் ஒரு குவளை எண்ணெயின் குறையும் இத்துணைப் பெரிய விளைவுக்கு வித்தாகலாம் என்பதே ஈண்டு நாம் கருதவேண்டுவது.

எண்ணெயின் கணக்கு

ஐம்பது பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று தயாரித்தோர் கூறின், லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஊற்றவேண்டும். இருபது லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். இருபத்தைந்துக்கு ஒன்று எனின் இவை இருமடங்காகும். இவ்விகிதம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும்; புதுப் பிஸ்ரன் இட்டபின் தொடக்க ஓட்டத்துக்குக் கூடுதலாய் ஊற்றுமாறு தயாரித்தோர் விதிப்பதுமுண்டு. கண்மதிப்பால் ஊற்றுதல் பெருந்தவறு. அளவுக்குவளை ஒன்றின் விலை ஒரு பிளக்கின் விலைக்கும் குறைவே.

எண்ணெயைப் பாதியாய்க் குறைப்போன் இருபது லீற்றரில் 200 மில்லிலீற்றர் மிச்சப்படுத்துகின்றான். நிமிடத்துக்கு 5000 சுழற்சியில் நான்கு மணிநேரம் ஓடும் இயந்திரம் அப்பொழுதினுள் பன்னிரண்டு இலட்சம் முறை வெடிக்கின்றது. அத்தனை முறையும் பாதிப் படலத்திலேயே பிஸ்ரன் உராயவேண்டும். வெம்மையாற் பருத்த பிஸ்ரன் ஒருகணத்தில் உருளையோடு ஒட்டிக்கொள்ளும். பட்டறைகளில் இதனை 'எஞ்சின் பிடித்துவிட்டது' என்பர். அதன்பின் உருளையைத் துருவி அகலித்துப் பருத்த பிஸ்ரன் இடவேண்டும். அகலித்தல் பெரும்பாலும் கால் மில்லிமீற்றர் படிகளிலே நிகழ்வது. ஒரு மில்லிமீற்றரளவில் எல்லை கண்டுவிடும். எனவே ஓர் உருளைக்கு இத்தகைய மறுபிறப்பு மூன்று நான்குக்கு மேல் இல்லை.

எண்ணெய் கூடினாற் கெடுதியில்லை என்பாரும் உளர். அதுவும் முழுமையான உண்மையன்று. காபுரேற்றரின் சிறுதுளையாற் செல்லும் கலவையின் அளவு ஏறத்தாழ ஒன்றே. அதனுள் எண்ணெய் மிகுந்தால் எரிபொருள் அம்மட்டிற் குறையும். காற்று மிகுந்த கலவை அதிக வெம்மை தரும். எரியாத எண்ணெயோ பிளக்கைக் கரியாக்கி, றிங்குகளைப் பள்ளங்களில் ஒட்டவைத்து, புகைவாயை அடைக்கும். நாலடிப்பு இயந்திரத்துக்குரிய எண்ணெயை இதில் ஊற்றுதலும் ஆகாது. அது தேங்கிநின்று உழைக்க வகுக்கப்பட்டது, எரிந்து மறைய வகுக்கப்பட்டதன்று. படகு இயந்திரத்துக்கெனவுள்ள ஈரடிப்பு எண்ணெயும் மோட்டார்ச் சைக்கிளுக்குரியதும் வேறுவேறென அறிக.

மண்ணெண்ணெய்

1990 முதல் 1995 வரை குடாநாட்டுக்கு எரிபொருள் வருதல் தடைப்பட்டிருந்த காலத்தை நடுவயது கடந்த வாசகர் மறந்திரார். சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் இட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய கலையை அன்று சிறுவரும் அறிந்திருந்தனர். அக்கலை எம்மவரின் மதிநுட்பத்துக்குச் சான்று. இயந்திரங்களுக்கோ அஃதொரு நெடுந்துன்பம். மண்ணெண்ணெய் தடித்து ஆவியாவது. வெடிப்பைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. பெற்றோலுக்கென அமைந்த இயந்திரத்தில் அது முன்னதாகவே வெடித்துப் பிஸ்ரனின் தலையைத் தாக்கும். எரியாது எஞ்சியது கரியாய்ப் படியும்.

மண்ணெண்ணெய்க்கெனவே குறைந்த அமுக்கத்தோடு தயாரிக்கப்பட்ட படகு இயந்திரங்கள் வேறு. அவற்றை வாங்குவோன் முதலில் அறியவேண்டுவது, தான் வாங்குவது உண்மையில் அவ்வகையதா, அல்லது பெற்றோல் இயந்திரமொன்றைப் பட்டறையில் மாற்றியதா என்பதே. மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கும் ஒரு விதி உண்டு: பெற்றோலில் தொடங்குக, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாறுக, நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு வருக. கரை சேரும் அவசரத்தில் இறுதி விதியை விடுவோர் பலர். காபுரேற்றரிலும் கிராங்குப் பெட்டியிலும் எஞ்சிய மண்ணெண்ணெய் மறுநாட் காலையிற் கயிற்றை இழுத்திழுத்துத் தோள்மூட்டு நோவச் செய்யும்.

2022ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இத்தகைய நெருக்கடியில் எண்ணெயிலேனும் சிக்கனம் செய்யலாம் என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. ஆனால் தேய்ந்த றிங்கும் கரிபடிந்த புகைவாயும் உடைய இயந்திரம் அதே தூரத்துக்கு அதிக எரிபொருளைக் குடிக்கும். பேணுதலே பெருஞ்சிக்கனம்.

உப்பும் நன்னீரும்

படகு இயந்திரம் தன்னைக் கடல்நீராலேயே குளிர்வித்துக்கொள்கின்றது. கீழ்க்காலிலுள்ள இறப்பர்ச் சக்கரமொன்று நீரை உறிஞ்சி உருளையைச் சுற்றிச் செலுத்தும். பின்புறத்துச் சிறுதுளையாற் பீறிடும் நீர்த்தாரை அதற்குச் சான்று. ஓட்டுவோன் அடிக்கடி திரும்பி நோக்கவேண்டியது அத்தாரையையே. யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழமற்றது. கலங்கிய மணலும் சேறும் உள்ளே புகுந்து இறப்பர்ச் சக்கரத்தை விரைவில் தேய்க்கும். அதனை ஆண்டுக்கொருமுறையேனும் மாற்றுதல் நன்று. தாரை மெலிந்தபின் மாற்றலாமென இருப்போன், பிஸ்ரன் பிடித்தபின்னரே மாற்றுவான்.

இயந்திரம் நின்று ஆறும்போது உள்வழிகளில் எஞ்சிய கடல்நீர் வற்றி உப்பாய்ப் படியும். அப்படிவு நாளடைவில் வழியை அடைத்து, நீர் செல்லாத இடத்தை வெம்மையுறச் செய்யும். ஒவ்வொரு பயணத்தின் பின்னும் நன்னீரிற் சிலநிமிடம் ஓட்டிக் கழுவுக என்பது எல்லாக் கைந்நூல்களிலும் காணப்படும் விதி. எழுதியவர்க்கு அஃதெளிது, ஆறில்லாத எம் குடாநாட்டில் அத்துணை எளிதன்று. சுண்ணாம்புக் கற்பாறையின் கீழுள்ள நிலத்தடி நீரையே நாம் நம்பியுள்ளோம். கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கின்றன. நெடுந்தீவு முதலிய தீவுகளிற் குடிநீரே அரிது. குடிக்க இல்லாத நீரை இயந்திரத்துக்கு ஊற்றுவது எங்ஙனம் என மனைவியர் வினவுதலில் நியாயம் உண்டு. துறைதோறும் மழைநீர்த் தொட்டியொன்று பொதுவில் அமைத்து, பாதி பீப்பாவில் நீர் நிறைத்துப் பலரும் முறைவைத்துக் கழுவுதல் இதற்கு ஏற்ற வழியாகும். உவர்க்கிணற்று நீரால் நிறைந்த பயன் வராது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் வடமராட்சி கிழக்குக் கரையிற் படகுகளும் இயந்திரங்களும் பெருந்தொகையாய் அழிந்தன. மூழ்கிய இயந்திரத்தைப் பற்றிய விதியொன்றை அனைவரும் அறிதல் வேண்டும். மூழ்கிய இயந்திரத்தைக் கெடுப்பது கடல்நீர் மட்டுமன்று. வெளியே எடுத்தபின் படும் காற்றே துருவை விரைவாக்கும். எனவே எடுத்த அன்றே நன்னீராற் கழுவி, பிளக்கைக் கழற்றி நீரை வடித்து, எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, ஓட்டிவிடவேண்டும். அன்றே இயலாதெனின் நன்னீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்தல், வெயிலில் உலர்த்துவதிலும் மேலானது.

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றால் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் உறங்கும் நாட்களும் ஆபத்தானவையே. காபுரேற்றரில் விட்ட பெற்றோல் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். அதனை வெறுமையாக்கி, பிளக்கின் துளையாற் சிறிது எண்ணெய் விட்டுக் கையாற் சுழற்றி வைத்தல் ஒரு நாழிகை வேலை.

பழையதை ஆராயும் முறை

மோட்டார் வண்டியில் ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியேனும் உண்டு. சிறிய படகு இயந்திரத்தில் அதுவும் இல்லை. ஆதலின் உறுப்புகளையே சாட்சிகளாக்கி விசாரித்தல் வேண்டும்.

முதற்கண், விற்போன் வீட்டுக்குச் சென்றதும் உருளையிற் கைவைத்துப் பார்க்க. அது சூடாயிருப்பின் குளிரும்வரை பொறுத்திருக்க. தொடங்க மறுக்கும் இயந்திரத்தை முன்கூட்டியே சூடாக்கி வைத்தல் பழைய தந்திரம். இரண்டாவதாக, பிளக்குகளைக் கழற்றி நோக்குக. இளம்பழுப்பு நிறம் நலத்தைக் காட்டும். வெண்மை, காற்று மிகுந்து வெம்மையுற்றதைக் காட்டும். நனைந்த கருமை எண்ணெய் மிகுந்ததை அல்லது வெடிப்புக் குன்றியதைக் காட்டும். புத்தம்புதிய பிளக்காயின் பழையது எங்கே எனக் கேட்க. மூன்றாவதாக, அமுக்கத்தை அளவுகருவியால் அளக்க. இரட்டை உருளையாயின் இரண்டும் ஒத்திருத்தலே முதன்மை. பத்துவீதத்துக்கு மேல் வேற்றுமை காணின் ஐயுறுக. எண் உயர்ந்திருப்பதொன்றே போதாது. தடித்த கரியும் அமுக்கத்தைப் பொய்யாய் உயர்த்திக் காட்டும்.

ஈரடிப்பு இயந்திரத்துக்கு ஒரு நேர்மை உண்டு. தன் உள்ளத்தைத் தானே காட்டும். மோட்டார்ச் சைக்கிளிலும் நாற்சில்லு ஊர்தியிலும் புகைக்குழாயைக் கழற்றினால், துளைவாயின் ஊடே பிஸ்ரனையும் றிங்குகளையும் கண்ணாற் காணலாம். பிஸ்ரனின் பக்கத்தில் நெடுங்கீறல்கள் இருப்பின் அது முன்னரே ஒருமுறை பிடித்தது என்க. அடுத்துக் கிராங்குத் தண்டின் நுனியிலுள்ள சக்கரத்தை மேலுங்கீழும் அசைத்துப் பார்க்க; தளர்ச்சி தெரியின் தாங்கிகள் தேய்ந்தன. தண்டின் இருபுறத்து இறப்பர் அடைப்புகள் கசியின் காற்றுக் களவாய்ப் புகுந்து கலவையை மெலிவித்து, காபுரேற்றரை எவ்வளவு திருத்தினாலும் இயந்திரத்தைச் சுடும். பல பிஸ்ரன்களைப் பலிகொண்ட காரணம் இதுவே. மாற்றும் அடைப்பின் விலையோ சொற்பம்.

படகு இயந்திரத்தின் கீழ்க்காலிலுள்ள பற்சில்லு எண்ணெயைச் சிறிது வடித்து நோக்குக. அது பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துள்ளது. அரிப்பைத் தானேற்று இயந்திரத்தைக் காக்கும் நாகக்கட்டி எஞ்சியுள்ளதா, அதன்மேல் அறியாமையால் வர்ணம் பூசப்பட்டுள்ளதா என்பதையும் காண்க. புது வர்ணத்துக்குள் முனை மழுங்கிய திருகாணிகள் தோன்றின், அவ்வியந்திரம் பலமுறை திறக்கப்பட்டது. தொடரிலக்கம் சுரண்டப்பட்டிருப்பின் விலை எவ்வளவு மலிவாயினும் விலகுக. இறுதியாக, பீப்பாவிலன்றிக் கடலில், ஆள்நிறையோடு, இருபது நிமிடமேனும் முழுவேகத்தில் ஓட்டிப் பார்த்தே பணத்தை எண்ணுக.

விலையும் பழக்கமும்

இத்துணையும் கூறியபின் ஒன்று எஞ்சுகின்றது. மேற்கூறிய சோதனைகள் இயந்திரத்தின் இன்றைய நிலையைக் காட்டுமேயன்றி, நேற்றைய வாழ்வை முற்றக் காட்டா. அளவோடு எண்ணெய் ஊற்றினானா, நன்னீரிற் கழுவினானா, பெற்றோலுக்கு மாற்றி நிறுத்தினானா என்பவை முன்னுடையவனின் நெஞ்சுக்கே தெரியும். ஆதலின் பழைய ஈரடிப்பு இயந்திரத்தை வாங்குவோன் உண்மையில் வாங்குவது ஒருவனுடைய பழக்கத்தையே ஆகும்.

இதன் பொருளியல் விளைவை அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் அக்கலொவ் 1970இல், பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். 2001இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விற்போன் அறிந்ததை வாங்குவோன் அறியானாயின், நல்ல பொருளுக்கும் தீய பொருளுக்கும் ஒரே விலைதான் கிட்டும். நல்லதை உடையவன் அவ்விலைக்கு விற்க மனமின்றி ஒதுங்குவான். சந்தையில் எஞ்சுவன தீயனவே. எமது துறைகளில் இதற்கு மேலும் ஒரு கேடு உண்டு. பேணியதற்கு விலையில்லையெனக் கண்டவன் பேணுவதையே கைவிடுகின்றான். காலப்போக்கிற் குறைவது சந்தையின் தரம் மட்டுமன்று, எம்மவரின் தொழிற்பண்புமே.

இக்குறை தீர்க்கச் செலவு வேண்டியதில்லை. நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியொன்று போதும். இயந்திரத்தின் தொடரிலக்கத்தை முதற்பக்கத்தில் எழுதி, ஓடிய மணிநேரம், ஊற்றிய எண்ணெய், பிளக்கும் இறப்பர்ச் சக்கரமும் மாற்றிய நாள், அளந்த அமுக்கம் என்பவற்றைப் பதிந்து, விற்கும்போது இயந்திரத்தோடு அதனையும் கொடுக்கும் வழக்கம் வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மாதத்துக்கொருமுறை அக்குறிப்பேட்டிற் கையொப்பமிடின், அது பொய்யெழுதுவோரையும் ஓரளவு தடுக்கும். பேணியவனுக்கு நல்ல விலை, வாங்குவோனுக்கு நம்பிக்கை, சங்கத்துக்கோ, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதற்கொரு சான்று.

ஈரடிப்பு இயந்திரத்தின் காலம் முடிந்துவருகின்றது என்பது உண்மையே. இலங்கை 2008ஆம் ஆண்டில் ஈரடிப்பு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை நிறுத்தியது. மேனாடுகளிலும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் பழைய முறைக் காபுரேற்றர் இயந்திரங்கள் புதியனவாய் விற்கப்படுதல் அருகிவிட்டது. ஆனால் காலம் முடிந்துவரும் பொருளே ஏழையின் கைக்கு வந்து சேர்வது உலக வழக்கு. எமது படகுகளில் இவ்வியந்திரங்கள் இன்னும் பலகாலம் ஒலிக்கும். அவற்றைக் கையாளும் வீட்டுப் பிள்ளைகள் எம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். விகித சமன் படிக்கும் மாணவனுக்கு ஐம்பதுக்கு ஒன்று என்னும் கணக்கையும், இரசாயனம் படிப்போனுக்கு உப்பும் நாகக்கட்டியும் புரியும் வினையையும், பௌதிகம் படிப்போனுக்குக் குளிர்த்தும் நீரின் தொழிலையும் ஆசிரியர் இவ்வியந்திரத்தைக் கொண்டே கற்பிக்கலாம். தந்தையின் இயந்திரக் குறிப்பேட்டை மகன் எழுதத் தொடங்கும் நாளில், எம் பள்ளிக் கல்வியும் கடலிற் பயன்படக் காண்போம்.